ஒரு காசுமாலை, மூன்று மென்பொருள்



கேமரா பற்றி எழுத இவன் யார் என்று என் வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எனக்கு டெபிட், கிரெடிட் தெரியும். நான் படம் எடுத்தால் நிற்பவர் தலை வெட்டுப்படும். ஆனால் வாரத்தில் மூன்று மாலை ஒரு ஸ்டுடியோவுக்குக் கணக்கு எழுதப் போகிறேன். அங்கே நடந்த ஒரு விஷயம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். கொஞ்சம் நீளம், டீ வாங்கிக்கொண்டு உட்காரவும். :-)

ஸ்டுடியோ அண்ணன் நகைக்கடை, பட்டுப்புடவைக் கடை விளம்பரங்களுக்குப் படம் எடுப்பவர். 2008-ல் ஒரு நகைக்கடை வேலைக்காக மீடியம் ஃபார்மட் கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார். போன மாதம் அதே கடைக்காரர் வந்து, "அந்தப் பழைய காசுமாலை படம் வேணும், பெரிய பேனர் அடிக்கணும்" என்றார். ஹார்ட் டிஸ்க் பத்திரமாக இருந்தது. ஃபைல்களும் இருந்தன. பார்க்கத்தான் முடியவில்லை. அந்தக் கேமராவோடு வந்த மென்பொருள் பழைய மேக் கணினியில் ஓடியது. அந்தக் கணினி செத்து ஏழெட்டு வருடம் ஆகிறது. புதிய கணினியில் அந்த மென்பொருள் ஏறவே மறுக்கிறது. நான் ஒரு இலவச மென்பொருளை இறக்கித் திறந்து பார்த்தேன். படம் வந்தது, ஆனால் 22 காரட் தங்கம் எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, இதைக் கொடுத்தா கவரிங்னு சொல்லுவாங்க" என்றார்.

ஒரே ஃபைல் எப்படி ஒரு மென்பொருளில் தங்கமாகவும் இன்னொன்றில் கவரிங்காகவும் தெரியும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடியதில் ஒரு பெரிய வியாபாரச் சண்டையின் வரலாறே கிடைத்தது. தொழில்நுட்பம் என்று நினைத்துப் போனால் அங்கே நம் பாடம் உட்கார்ந்திருக்கிறது!

முதலில் ஃபிலிம் காலம். கோடாக் 1901-ல் தன் பிரௌனி கேமராவுக்காக 120 என்ற ஃபிலிம் ரோலைக் கொண்டு வந்தது. கல்யாண வீட்டில் பார்த்த 35 எம்எம் ரோலை விட அகலம். இந்த 120 ரோலில் 6க்கு 6 சென்டிமீட்டர், 6க்கு 7 என்று படம் விழும் கேமராக்களைத்தான் மீடியம் ஃபார்மட் என்பார்கள். பரப்பு அதிகம், அதனால் பெரிதாக்கினாலும் படம் உடையாது. விளம்பரம், ஃபேஷன், உருவப்படம் எடுப்பவர்கள் இதைத்தான் கையில் எடுத்தார்கள்.

இதில் ராஜா, சுவீடனின் ஹாஸல்பிளாட். விக்டர் ஹாஸல்பிளாட் 1948-ல் வெளியிட்ட கேமரா கழற்றி மாட்டும் வகை. முன்னால் லென்ஸ், நடுவில் உடம்பு, பின்னால் ஃபிலிம் வைக்கும் பெட்டி. பாதி ரோலில் கலரிலிருந்து கறுப்பு வெள்ளைக்கு மாற வேண்டுமா? பின்பெட்டியைக் கழற்றி வேறு பெட்டியை மாட்டினால் போதும். கோடாக் ரோல் போடலாம், ஃபியூஜி போடலாம், இல்ஃபோர்டு போடலாம். எந்த ஊர் லேபிலும் கழுவலாம். கேமரா விற்றவர், ஃபிலிம் விற்றவர், கழுவிக் கொடுத்தவர் மூன்று பேரும் வேறு வேறு. யாரும் யாரையும் கட்டிப் போட முடியாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் வந்தபோது கழற்றி மாட்டும் இந்தப் பின்பெட்டி வழியாகத்தான் நுழைந்தது. 1990களின் தொடக்கத்தில் லீஃப் என்ற நிறுவனம் ஃபிலிம் பெட்டிக்குப் பதிலாக மாட்டும் ஒரு டிஜிட்டல் பெட்டியை விற்றது. 4 மெகாபிக்சல்தான். அதுவும் ஒரு படத்துக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று முறை எடுக்க வேண்டும். ஆகவே அசையாத பொருள்களுக்கு மட்டும் சரி. (காசுமாலை அசையாது. ஆனால் அதைப் போட்டிருக்கும் மாடல் அசைவார்.) 1993-ல் டென்மார்க்கில் ஃபேஸ் ஒன் தொடங்கியது. அதே நாட்டில் ஸ்கேனர் செய்துகொண்டிருந்த இமாகான் நிறுவனமும் இந்தப் பெட்டித் தொழிலுக்குள் வந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் ஃபிலிம் பெட்டிக்குப் பதில் டிஜிட்டல் பெட்டி, அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஒன்று மாறிவிட்டது. முன்பு லேபில் நடந்த வேலை இப்போது மென்பொருளில் நடக்கிறது. அந்த மென்பொருளைப் பெட்டி விற்றவரே கொடுத்தார். லீஃபுக்கு லீஃப் கேப்சர், ஃபேஸ் ஒன்னுக்கு கேப்சர் ஒன், இமாகானுக்கு ஃபிளெக்ஸ்கலர். கேமராக்காரரே லேபும் வைத்துக்கொண்ட மாதிரி!

ரா ஃபைல் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். ரா என்றால் சமைக்காதது. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற ஒரு முறையைத்தான் பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்கள் பயன்படுத்துகின்றன. சென்சாரில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே ஒரு நிறக் கண்ணாடி. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். ஒரு புள்ளிக்கு ஒரு நிறத்தின் அளவுதான் தெரியும். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். அந்த நிரப்பாத எண்கள்தான் ரா ஃபைல். எப்படி நிரப்புவது, எந்த எண்ணை எந்த மஞ்சளாகக் காட்டுவது என்பது மென்பொருளின் கைப்பக்குவம். ஒரே அரிசிதான். அம்மா வடித்தால் ஒரு ருசி, ஹாஸ்டலில் வடித்தால் வேறு "ருசி". என் எலுமிச்சைத் தங்கத்துக்குக் காரணம் இதுதான்.

சரி, எல்லோரும் தங்கள் கேமராவோடு வந்த மென்பொருளை மட்டும் பயன்படுத்திவிட்டுப் போகலாமே? போக முடியவில்லை. இந்த மென்பொருள்கள் நிறம் காட்டுவதில் கெட்டி, மற்றதில் சுமார். முகத்தில் ஒரு பருவை எடுக்க ஃபோட்டோஷாப் வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களை வரிசைப்படுத்தித் தேட இன்னொரு மென்பொருள் வேண்டும். ஆக 2000களில் ஒரு மீடியம் ஃபார்மட் படம் குறைந்தது மூன்று கை மாறியது. கேமராவைக் கம்பி வழியாகக் கணினியோடு இணைத்து, பெட்டிக்காரரின் மென்பொருளில் படம் எடுப்பார்கள். அதிலேயே நிறத்தைச் சரிசெய்து 16 பிட் டிஃப் ஃபைலாக வெளியே எடுப்பார்கள். அதை ஃபோட்டோஷாப்பில் திருத்தி, கடைசியாக மூன்றாவது மென்பொருளில் அடுக்கி வைப்பார்கள்.

இந்த டிஃப் ஃபைலின் எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன் (இது நம்ம ஏரியா). 39 மெகாபிக்சல் பெட்டியின் ரா ஃபைல் சுமார் 50 எம்பி. அதையே டிஃப் ஆக்கினால் 39 மில்லியன் புள்ளிகள், புள்ளிக்கு 3 நிறம், நிறத்துக்கு 2 பைட். மொத்தம் 234 எம்பி. ஃபோட்டோஷாப்பில் இரண்டு லேயர் போட்டால் இரண்டு மடங்குக்கு மேல். கணினிகள் ஒன்றிரண்டு ஜிபி நினைவகத்தோடு மூச்சு வாங்கிய காலம் அது. 100 மெகாபிக்சல் என்றால் 600 எம்பி. நினைத்துப் பார்த்தாலே என் லேப்டாப்புக்கு ஜுரம் வருகிறது.

எடை கூடப் பரவாயில்லை, பெரிய சிக்கல் வேறு. ரா மென்பொருளில் நாம் செய்யும் திருத்தம் எதுவும் ஃபைலின் எண்களை மாற்றாது. "வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, மஞ்சளை இவ்வளவு குறை" என்று ஒரு குறிப்பாகத்தான் அது சேமிக்கப்படும். நம் பாஷையில் சொன்னால் ரா ஃபைல் என்பது வவுச்சர். திருத்தக் குறிப்பு என்பது ஜர்னல் என்ட்ரி. வவுச்சர் அப்படியே இருக்கும், என்ட்ரியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு மென்பொருளும் என்ட்ரியைத் தனக்கு மட்டும் புரியும் சுருக்கெழுத்தில் எழுதுகிறது. கேப்சர் ஒன் எழுதியது லைட்ரூமுக்குப் புரியாது, லைட்ரூம் எழுதியது கேப்சர் ஒன்னுக்குப் புரியாது. எல்லையைத் தாண்ட ஒரே வழி, டிஃப்பாகச் சமைத்துக் கொடுப்பது. சமைத்த சோறு திரும்ப அரிசியாகாது. அதனால்தான் இரண்டு மென்பொருளைச் சேர்த்து வேலை செய்பவர்களுக்கு எந்த வேலையை எல்லைக்கு இந்தப் பக்கம் முடிப்பது, எதை அந்தப் பக்கம் வைப்பது என்பதே பெரிய கலை. வெளிச்சம், நிறம், லென்ஸ் குறைகள் எல்லாம் இந்தப் பக்கம். கூர்மையாக்கும் வேலை கடைசியில், படம் எந்த அளவில் அச்சாகும் என்று தெரிந்த பிறகு. இந்தப் பக்கமே கூர்மையாக்கிவிட்டு அந்தப் பக்கமும் கூர்மையாக்கினால் தங்கச் சங்கிலியின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும்.

சிலர் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரே ரா ஃபைலை இரண்டு மென்பொருளிலும் தனித்தனியாக டிஃப் ஆக்கி, ஒன்றிலிருந்து தோல் நிறத்தையும் இன்னொன்றிலிருந்து வெளிச்சப் பகுதியையும் எடுத்து ஃபோட்டோஷாப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? செய்து பார்த்தால் இரண்டும் பொருந்தாது. ஓரத்தில் எத்தனை புள்ளியை வெட்டுவது, லென்ஸின் வளைவை எவ்வளவு நிமிர்த்துவது என்பதில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு கணக்கு. நானும் முயன்று பார்த்தேன். காசுமாலையில் இருந்த லட்சுமிக்கு நான்கு கண் வந்தது. லென்ஸ் திருத்தத்தை இரண்டிலும் அணைத்துவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும் என்பது மெதுவாகத்தான் புரிந்தது.

இப்போது சண்டைக்கு வருவோம்.

டேவ் காஃபின் என்ற அமெரிக்க நிரலாளர் 1997-ல் டிசிரா என்ற நிரலை எழுதத் தொடங்கினார். கேமரா நிறுவனங்கள் தங்கள் ரா ஃபைலின் அமைப்பை வெளியே சொல்வதில்லை. இவர் ஃபைல்களை உடைத்துப் பார்த்து, ஒவ்வொரு கேமராவாகக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் ஒரே சி மொழிக் கோப்பில் எழுதி இலவசமாகக் கொடுத்தார். லீஃப், ஃபேஸ் ஒன், இமாகான் எல்லாம் அதில் அடக்கம். 2018 வரை புதுப்பித்துக்கொண்டே இருந்தார். நான் இறக்கிய இலவச மென்பொருளின் வயிற்றிலும் இவருடைய வேலைதான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு சிலை வைக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

2003-ல் ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோல் எழுதிய கேமரா ரா என்ற இணைப்பை அடோபி வெளியிட்டது. பல கம்பெனி கேமராக்களின் ரா ஃபைலை ஃபோட்டோஷாப்புக்குள்ளேயே திறக்கலாம். கேமரா நிறுவனங்களுக்கு வயிற்றில் புளி கரைந்திருக்கும். 2004-ல் அடோபி இன்னும் ஒரு படி மேலே போய், எல்லோரும் பயன்படுத்த டிஎன்ஜி என்ற பொது ரா வடிவத்தை அறிவித்தது. பழைய 120 ரோல் மாதிரி ஒரு பொது அளவு. 2005-ல் நிக்கான் தன் டி2எக்ஸ் கேமராவின் ஃபைலில் நிறச் சமநிலை எண்களைப் பூட்டி வைத்திருப்பதை நோல் வெளியே சொன்னார். பெரிய ரகளை ஆனது. காஃபின் அந்தப் பூட்டையும் திறந்துவிட்டார்! படம் எடுத்தவன் நான், ஃபைல் என்னுடையது, சாவி மட்டும் உன்னிடமா என்பதுதான் அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்வி.

அது சின்னக் கேமரா உலகம். மீடியம் ஃபார்மட் உலகில் பூட்டு இன்னும் பெரியது. 2004-ல் ஹாஸல்பிளாட்டும் இமாகானும் ஒன்றாக இணைந்தன. 2006-ல் எச்3டி வந்தது. அதுவரை எச்1, எச்2 கேமராக்களில் ஃபேஸ் ஒன் பெட்டியோ லீஃப் பெட்டியோ மாட்டலாம். எச்3டியில் ஹாஸல்பிளாட்டின் சொந்தப் பெட்டி மட்டும்தான். கம்பெனி சொன்ன காரணத்தையும் சும்மா தள்ள முடியாது. உடம்பு, பெட்டி, மென்பொருள் மூன்றும் ஒரே கையில் இருந்தால் லென்ஸின் குறையை மென்பொருளிலேயே சரி செய்யலாம். அப்போது வந்த 28 எம்எம் லென்ஸ் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. கண்ணாடியில் பாதி வேலை, மென்பொருளில் மீதி வேலை. அந்த லென்ஸை வைத்து எடுத்த படத்தை வேற்று மென்பொருளில் திறந்தால் பாதி லென்ஸ்தான் கையில் இருக்கிறது என்று அர்த்தம். இது தரத்துக்காகச் செய்ததா, வாடிக்கையாளரைக் கட்டிப்போடச் செய்ததா? என் பதில்: இரண்டும். ஒன்று இன்னொன்றுக்கு நல்ல சாக்கு.

கதவு சாத்தப்பட்டதும் பெட்டி மட்டும் விற்பவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மாட்ட உடம்பு இல்லாத பெட்டியை யார் வாங்குவார்கள்? ஃபேஸ் ஒன் மாமியாவோடு சேர்ந்து 2008-ல் தன் பெயரில் ஒரு கேமராவைக் கொண்டு வந்தது. 2009-ல் லீஃபையும் வாங்கியது. பாவம் லீஃப். அதன் தாய் வீடான இஸ்ரேலின் சைடெக்ஸ், கனடாவின் கிரியோ, 2005-ல் கோடாக், கடைசியில் எதிரியாக இருந்த ஃபேஸ் ஒன் என்று கை மாறிக்கொண்டே போனது. ஒவ்வொரு கை மாறும்போதும் அதன் மென்பொருளை நம்பி இருந்தவர்களுக்கு வயிறு கலங்கியிருக்குமா இல்லையா?

இதன் பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கேப்சர் ஒன் கேனான், நிக்கான் ஃபைல்களையெல்லாம் ஓடி வந்து திறக்கும். ஹாஸல்பிளாட் ஃபைலைப் பல வருடங்களுக்குத் திறக்கவில்லை. பென்டாக்ஸின் மீடியம் ஃபார்மட்டையும் அப்படியே ஒதுக்கியது. திறமை இல்லாமல் அல்ல, ஒருவர் வீட்டுக்கு வெளியே காஃபினே திறந்து வைத்திருந்தார். கேனான்காரன் ஃபேஸ் ஒன்னுக்குப் போட்டியில்லை, மீடியம் ஃபார்மட்காரன் போட்டி. அவ்வளவுதான் காரணம். 2017-ல் ஃபியூஜியின் ஜிஎஃப்எக்ஸ் கடைக்கு வந்தபோதும் இதே கதை. அதை வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஃபைலுக்குள் எழுதியிருக்கும் கேமராவின் பெயரை அழித்து, கேப்சர் ஒன்னுக்குத் தெரிந்த வேறு கேமராவின் பெயரை எழுதினார்கள். மென்பொருள் ஏமாந்து கதவைத் திறந்தது! 2018 செப்டம்பரில் கேப்சர் ஒன்னே ஜிஎஃப்எக்ஸை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. மென்பொருளை விற்றுக் கிடைக்கும் பணம், கேமராவைக் காப்பாற்றிக் கிடைக்கும் பணத்தை விட அதிகம் என்று யாரோ ஒருவர் தாளில் கணக்குப் போட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பூட்டு மட்டும் ஆபத்தில்லை, மென்பொருள் செத்தும் போகும். ரா ஷூட்டர் என்ற மென்பொருளை விற்ற டென்மார்க்கின் பிக்ஸ்மான்டெக் நிறுவனத்தை 2006-ல் அடோபி வாங்கியது, ரா ஷூட்டர் அத்தோடு முடிந்தது. ஆப்பிள் 2005-ல் அப்பர்ச்சரை 499 டாலருக்கு அறிமுகப்படுத்தி, விலையைக் குறைத்துக் குறைத்து, 2014-ல் இனி மேம்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தது. பத்து வருட ஜர்னல் என்ட்ரி, படிக்க ஆளில்லை. 2019-ல் வந்த மேக் கேடலினா பழைய 32 பிட் மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஓடவிடாமல் செய்தது. ஃபிளெக்ஸ்கலரும் அதில் போனது. ரா ஃபைலை ஹார்ட் டிஸ்கில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் எல்லாம் அண்ணன் மாதிரிதான்.

இதோடு ஒப்பிட இன்னொன்று. 1969-ல் அப்பல்லோ 11 நிலவுக்கு எடுத்துப் போனதும் ஹாஸல்பிளாட்தான். எடையைக் குறைக்க நிலவில் பயன்படுத்திய கேமராவை அங்கேயே விட்டுவிட்டு, பின்னால் மாட்டியிருந்த ஃபிலிம் பெட்டியை மட்டும் கழற்றிக் கொண்டு வந்தார்கள். அந்தப் படலத்தை ஹூஸ்டனில் குளிரில் பாதுகாத்து வைத்தார்கள். பல பத்தாண்டு கழித்து அதை உயர்தரமாக ஸ்கேன் செய்தார்கள். ஆண்டி சாண்டர்ஸ் அந்த ஸ்கேன்களைப் புதிதாகத் திருத்தி 2022-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். ஐம்பது வருடப் படலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே படம் தெரிகிறது. அண்ணனின் 2008 ஃபைலைத் தூக்கிப் பிடித்தால் ஹார்ட் டிஸ்க்தான் தெரியும்.

காசுமாலைக்கு வருவோம். அன்றைய திருத்தக் குறிப்பு போனது போனதுதான், மீட்க முடியவில்லை. அதிர்ஷ்டவசமாகக் கடைக்காரரிடம் 2008-ல் அச்சடித்த கேட்டலாக் ஒன்று இருந்தது. இலவச மென்பொருளில் ரா ஃபைலைத் திறந்து, திருத்தம் எல்லாம் அணைத்து, வெறும் டிஃப்பாக எடுத்தேன். அண்ணன் அதைத் தன் மென்பொருளில் போட்டு, கேட்டலாக்கை மேசை விளக்கின் கீழே வைத்துப் பார்த்துப் பார்த்து நிறத்தைக் கொண்டு வந்தார். இரண்டு மாலை ஆனது. கடைசியில் ஃபோட்டோஷாப்பில் தூசி எடுத்து அளவு மாற்றி பேனருக்கு அனுப்பினோம். ஆக மறுபடியும் மூன்று மென்பொருள்.

இப்போது அண்ணன் ஒவ்வொரு வேலை முடிந்ததும் ரா ஃபைலோடு திருத்தி முடித்த டிஃப்பையும் சேர்த்து வைக்கிறார். அதற்காகப் புதிதாக இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கியிருக்கிறார். பில் என் மேசையில் இருக்கிறது. இதைச் செலவில் எழுதுவதா, சொத்தில் எழுதுவதா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். வகுப்பில் யாருக்காவது தெரிந்தால் திங்கட்கிழமைக்குள் சொல்லவும்.